மூன்றே முக்கால் அங்குல வீரர்களுக்கு இரு கண் பாலம்

கேரளத்தில் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையிலுள்ள கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தை, பொம்மைகளை நிறுத்தும் மாதிரிக் காட்சியாக முழுசாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. ஃபன்ஸ்கூல் நிறுவனத்தின் ஜி.ஐ.ஜோ ராணுவ வீரர் பொம்மைகள் 1:18 அளவு, அதாவது நிஜத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. நூறு மீட்டர் பாலம் அந்த அளவில் ஐந்தரை மீட்டர் வரும். கூடத்தில் பாலம் இருக்கும், வீட்டு ஆட்கள் இருக்க முடியாது. இரண்டு கண் போதும். பதிமூன்றையும் சுருக்கி அடைத்தால் வீரர்கள் பாலத்தைவிட உயரமாக நிற்பார்கள்.

அடிப்பலகை 60 × 45 செ.மீ., 12 மி.மீ. பிளைவுட். தூண் 6 செ.மீ., கண் 20 செ.மீ.; மூன்று தூணும் இரண்டு கண்ணும் சேர்ந்து 58 செ.மீ. அகலம் 15 செ.மீ. வேண்டும், அதற்கு 50 மி.மீ. தெர்மாகோல் மூன்று அடுக்கு. ஒட்ட ஃபெவிகால்தான், ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஆனால் ஃபெவிகாலை அப்பினால் நடுவில் காற்றுப் புகாமல் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். மெல்லிசாகத் தடவி, மூங்கில் குச்சி செருகி இறுக்க வேண்டும். வளைவை வெட்ட இரு பக்கமும் அட்டை அச்சு குத்தி, சூட்டுக் கம்பியை நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். ஒரு நொடி நின்றாலும் குழி விழும். புகை நல்லதல்ல, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கல் வேலைக்கு வால் புட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து. ஒரே பூச்சில் கனமாக அப்பினால் வெடிக்கும், 2 மி.மீ. தாண்டாமல் இரண்டு தடவை. விரல் பதியும், ஒட்டாது என்கிற பதத்தில் ஆணியால் கோடு இழுங்கள். கல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.5 × 1.7 செ.மீ., ஒன்றுபோல் இருக்கக் கூடாது. செங்கல் மாதிரி ஒழுங்காக வந்தால் அது கருங்கல்லாகத் தெரியாது. சாம்பல் நிறம் காய்ந்தபின் நீர்த்த கறுப்பு, தூண் அடியில் மட்டும் பாசிப் பச்சை.

இனி தண்டவாளம். இந்தத் தடத்தில் 1904 முதல் ஓடியது மீட்டர் கேஜ். அகலப்பாதை முழுமையானது 2018இல். எந்தக் காலம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் நம் அளவில் மீட்டர் கேஜ் இடைவெளி 5.6 செ.மீ., அகலப்பாதை 9.3 செ.மீ. பழைய காலமே சுலபம்: மீட்டர் கேஜ் குறுக்குக்கட்டை நம் அளவில் 10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம். ஐஸ் குச்சியை நுனி வெட்டினால் அப்படியே அந்த அளவுதான்! ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்து 3 மி.மீ. பருக்கையை மட்டும் எடுங்கள். ஆற்று மணல் உருண்டையாக இருப்பதால் ஜல்லியாகத் தோன்றாது.

பாலத்தடியில் காடு வைக்கிறார்கள். புனலூர் பக்கம் என்றால் ரப்பர்தான் பொருத்தம். இருபது மீட்டர் மரம் இங்கே ஒரு மீட்டரைத் தாண்டும், அதனால் அடிமரம் மட்டும், உச்சியைக் காட்சிச் சட்டத்துக்கு மேலே விட்டுவிடலாம். 1.3 செ.மீ. தடிப்புள்ள நேர்க் குச்சி, தரையிலிருந்து 7 செ.மீ. உயரத்தில், அதாவது வீரனின் நெஞ்சளவில், பால் வெட்டு. கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். பால் வடியும் சிரட்டைக்கு எம்-சீலை (பிசைந்தால் இறுகும் ஒட்டு மாவு) ஒரு மிளகின் மேல் பொதிந்து, இறுகுவதற்குள் உருவினால் குழிவு கிடைக்கும்.

தரைக்குக் காய்ந்த தேயிலைச் சக்கை அருமையான நிறம். அப்படியே ஒட்டினால் ஜூலையில் வெள்ளைப் பூஞ்சை கட்டாயம். வாணலியில் ஈரம் போக வறுத்து, போரிக் பவுடர் ஒரு சிட்டிகை கலந்தபின் ஒட்டவும். மைதாப் பசை வேண்டாம், எறும்பும் கரப்பானும் வரும். பூச்சிக்கென்று அந்துருண்டை போடுவது அதைவிட மோசம். அதன் ஆவி தெர்மாகோலைத் தின்றுவிடும்.

பொம்மையின் காலில் பசை தடவாதீர்கள், சேகரிப்பின் விலை போய்விடும். உள்ளங்கால் துளைக்கு ஏற்ப ஈர்க்குச்சி சீவி, 8 மி.மீ. தரைக்குள்ளும் 3 மி.மீ. வெளியேயும் நட்டால் ஆடாது. பெயின்ட் நன்றாக உலர்ந்த பிறகே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாதம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.