ஆட்டுத்தோல் பெயரின் பின்னால்: சீகன்பால்க் தேடல், இதுவரை

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் பார்த்தலோமியஸ் சீகன்பால்க் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. அச்சுக்கூடம், புதிய ஏற்பாடு, 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான தமிழ் இலக்கணம், 1718இல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயம் எல்லாம் தெரிந்த கதைதான். என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய குடும்பப் பெயர். தமிழ்நாட்டுக்கு வந்த ஜெர்மன் பாதிரிமார்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சூல்ட்சே என்றால் ஊர்த்தலைவர், நம் மணியக்காரர் மாதிரி. ஸ்வார்ட்ஸ் என்றால் கறுப்பு, பெரும்பாலும் தலைமுடியை வைத்து வந்தது. பப்ரிசியஸ் என்பது கொல்லரைக் குறிக்கும் இலத்தீன் சொல். படித்த குடும்பங்கள் சொந்தப் பெயரை இலத்தீனுக்கு மாற்றிக்கொள்வது 16ஆம் நூற்றாண்டில் ஒரு மோகம். சூல்ட்சேயும் ஸ்வார்ட்ஸும் ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். சீகன்பால்க் அப்படிக் கிடைக்காது. அதனால் இதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் உச்சரிப்பு. ஜெர்மானியர் வாயில் இது ‘ட்சீகன்பல்க்’ போல ஒலிக்கும். ‘பல்’ குறில், நெடிலாக நீட்டியது நாம். கடைசி எழுத்து அங்கே ‘ga’ வரிசையில் எழுதப்பட்டாலும் சொல்லும்போது வல்லின ‘க்’ ஆகிவிடும். அதைத் தமிழ் எழுத்து சரியாகப் பிடித்திருக்கிறது. இந்தக் கடைசி எழுத்து பின்னால் நிறைய வேலை வைத்தது, அதற்கு வருகிறேன்.

பொருள் தேடுவது கஷ்டமில்லை. ‘சீகெ’ என்றால் வெள்ளாடு, ‘பல்க்’ என்றால் உரித்த தோல். ஆனால் ஜெர்மனில் தோலுக்கு வேறு சொற்களும் உண்டு, அவை எல்லாம் ஒன்றல்ல. பல்க் என்பது வயிற்றைக் கிழிக்காமல், கால்சட்டையைக் கழற்றுவது போல முழுதாக இழுத்து உருவிய தோல். இன்றும் ஜெர்மன் வேட்டைக்காரர்கள் நரி, முயல் தோலைத்தான் பல்க் என்கிறார்கள். மானின் தோலுக்கு வேறு சொல், காட்டுப் பன்றியின் தோலுக்கு வேறு சொல். முழுதாக உருவிய தோல் என்பதால் அதைக் கட்டினால் பை, காற்றை அடைத்தால் கொல்லன் துருத்தி. ஊதுலைத் துருத்திக்கு ஜெர்மன் சொல்லிலும் இதே ‘பல்க்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடங்காத பிள்ளையைத் திட்டும் சொல்லாகவும் பல்க் இருக்கிறது. இணையத்தில் ‘உங்கள் பெயரின் அர்த்தம்’ என்று சொல்லும் தளங்கள் சில இதைப் பிடித்துக்கொண்டு ‘ஆட்டுக்குட்டிச் சேட்டைக்காரன்’ என்று கதை கட்டக்கூடும். அதே கையோடு குடும்ப இலச்சினையையும் சட்டகத்தில் மாட்டி விற்பார்கள். இலச்சினை ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது, அதே பெயர் கொண்ட எல்லோருக்கும் அல்ல. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஜெர்மன் குடும்பப் பெயர்களைப் பொதுவாக ஐந்து வகையாகப் பிரிப்பார்கள்: தகப்பன் பெயர், தொழில், பிறந்த ஊர், குடியிருந்த இடம், பட்டப்பெயர். தொழிலுக்கும் பட்டப்பெயருக்கும் நடுவில் ஒரு சுவையான கூட்டம் உண்டு. ஆளைத் தொழிலின் பெயரால் கூப்பிடாமல் அவன் கையாளும் பொருளின் பெயரால் கூப்பிடுவது. மாவு வியாபாரியை ‘மாவு’ என்றே அழைப்பது போல. சீகன்பால்க் இந்தக் கூட்டம்தான் என்பது என் முடிவு. பெயராய்வாளர்களும் தோலோடு சேர்த்துத்தான் விளக்குகிறார்கள். தோல் பதனிடுவோர் அங்கே இரண்டு தனிக் குழுவாக இருந்தார்கள். மாட்டுத் தோல் போன்ற கனத்த தோலை ஓக் மரப்பட்டைச் சாற்றில் ஊறவைப்பவர்கள் ‘சிவப்பு’ பதனிடுவோர். ஆடு, செம்மறி, கன்று போன்ற மெல்லிய தோலைப் படிகாரமும் உப்பும் போட்டு வெளுப்பாக எடுப்பவர்கள் ‘வெள்ளை’ பதனிடுவோர். ஆட்டுத்தோல் என்று ஒருவனுக்குப் பெயர் விழுந்தால் அவன் இரண்டாவது குழுவின் பக்கத்தில் எங்கேயோ இருந்திருக்கிறான்: பதனிட்டிருக்கலாம், வாங்கி விற்றிருக்கலாம், ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு திரிந்தவனாகக்கூட இருக்கலாம். பாதிரியாரின் அப்பாவோ தானிய வியாபாரி. குடும்பப் பெயர் உறைந்த பிறகு தொழில் மாறினாலும் பெயர் மாறாது.

ஊர்ப்பெயரோ என்ற சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டேன். சீகன்ஹைன், சீகன்ஹால்ஸ் என்ற பெயர்களில் ஊர்களே உண்டு. அந்தப் பெயர்க்காரர்களை ஆட்டோடு சேர்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஜெர்மன் பேரரசின் ஊர் அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் சீகன்பால்க் என்ற ஊர் தட்டுப்படவில்லை. அப்புறம் ஸ்லாவிய வேர். பாதிரியார் 1682இல் பிறந்தது புல்ஸ்னிட்ஸில், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், கிழக்கே உள்ள லௌசிட்ஸ் பகுதி. அங்கே சோர்பியர் என்ற ஸ்லாவிய மக்கள் இன்றும் வாழ்கிறார்கள், ஊரின் பெயரே சோர்பிய வழி வந்தது. நோவாக் போன்ற பெயர்கள் அங்கே சகஜம். ஆனால் சீகன்பால்க்கின் இரண்டு பாதியும் பச்சை ஜெர்மன். (புல்ஸ்னிட்ஸ் இன்று பேர் வாங்கியிருப்பது மசாலா ரொட்டிக்கு. 1558 முதல் சுடுகிறார்களாம். தேடலுக்கு உதவாது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

எனக்கு மிகவும் பிடித்த துப்பு ‘சீகெ’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஜெர்மன் பேசும் தெற்கிலும் தென்மேற்கிலும் வெள்ளாட்டைக் ‘கைஸ்’ என்பார்கள். ‘சீகெ’ நடுக்கிழக்கு வட்டாரச் சொல். மார்ட்டின் லூத்தர் தன் பைபிளில் அதைப் போட்டதால்தான் அது மெல்ல மெல்ல எல்லோருக்கும் பொதுச் சொல்லானது. குடும்பப் பெயர்களோ பெரும்பாலும் அதற்கு முன்பே விழுந்துவிட்டவை. ஆகவே சுவிஸ் பக்கம் ஆட்டை வைத்துப் பெயர் வந்தால் கைஸ்பியூலர் என்று வரும். சாக்சனிப் பக்கம் வந்தால் ‘சீகன்’ என்று தொடங்கும். ஒரு தொலைபேசிப் புத்தகத்தையும் புரட்டாமலே தேட வேண்டிய திசை தெரிந்துவிட்டது.

இனி எண்ணிக்கை. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையே குறைந்தது 100 பேருக்கு உள்ள குடும்பப் பெயர்களைப் பட்டியலாக வெளியிடுகிறது. ஜெர்மனியில் அந்த வசதி இல்லை. குடியிருப்புப் பதிவேடு உண்டு, ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு வராது. ஆகவே அங்கே பெயர் ஆய்வாளர்கள் தொலைபேசிப் புத்தகத்தைத்தான் நம்புகிறார்கள். மைன்ஸ் நகர அறிவியல் அகாடமி 2012இல் தொடங்கிய பெரிய குடும்பப் பெயர் அகராதித் திட்டத்துக்கே அடிப்படை 2005ஆம் ஆண்டின் லேண்ட்லைன் இணைப்புகள்தான். ஒரு வீட்டுக்கு ஒரு இணைப்பு என்பதால் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அன்று ஜெர்மன் மக்கள்தொகை சுமார் 8.2 கோடி, தனியார் இணைப்புகள் சுமார் 2.8 கோடி, வகுத்தால் 3க்குக் கொஞ்சம் குறைவாக வரும். மியூலர் போன்ற பெயருக்கு இந்தப் பெருக்கல் நன்றாகவே வேலை செய்யும், அவர்கள் பல லட்சம் பேர். நூற்றுக்கணக்கில் மட்டும் உள்ள சீகன்பால்க் போன்ற பெயருக்கு ஒரு பெரிய குடும்பம் புத்தகத்தில் பெயர் போட விரும்பாவிட்டாலே கணக்கு ஆடிவிடும். அதனால் நான் கடைசி இலக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். எங்கே அடர்ந்திருக்கிறது என்பதுதான் பேசும்.

பெயர் வரைபடத் தளங்களில் இரண்டு விதமாக நிறம் தீட்டலாம். வெறும் எண்ணிக்கை வரைபடத்தில் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பெர்லின் கறுத்துத் தெரியும், ஊர் பெரிது என்பதைத் தவிர அதில் சேதி இல்லை. பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்ற வரைபடத்தில்தான் சின்ன மாவட்டங்கள் மேலே வரும். பெயர் எங்கே முளைத்தது என்று தெரிய இரண்டாவதைப் பாருங்கள். பிழைக்கப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று தெரிய முதலாவது. சீகன்பால்க்குக்கு இரண்டாவது வரைபடம் சாக்சனியைக் காட்டுகிறது. ஆடு காட்டிய அதே திசை.

இதில் ஒரு பொறி உண்டு. கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும் வரை வீட்டுத் தொலைபேசி வாய்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1990ஐ ஒட்டிய புத்தகத்தை வைத்துச் சாக்சனிப் பெயரை எண்ணினால் பெயரே அழிந்துபோனது போல் இருக்கும். மிகவும் புதிய புத்தகமும் ஆகாது; செல்பேசி வந்தபின் லேண்ட்லைன் குறைந்துகொண்டே போகிறது. நடுவில் 1990களின் பிற்பகுதி முதல் 2005 வரையிலான காலம்தான் உருப்படியானது.

அதற்கும் முன்னால் போக முதல் உலகப் போர் இழப்புப் பட்டியல்கள் இருக்கின்றன. 1914 முதல் 1919 வரை இறந்த, காயம்பட்ட, காணாமல்போன வீரர்களின் பெயர்கள்; பெரும்பாலும் சொந்த ஊரோடு. ஜெர்மன் கணினி வம்சாவளிச் சங்கத்தின் தொண்டர்கள் சுமார் 85 லட்சம் பதிவுகளைக் கையால் தட்டி ஏற்றியிருக்கிறார்கள். துக்கமான பட்டியல்தான், ஆனால் குடிபெயர்வுகளுக்கு முந்தைய பெயர்ப் பரப்பைப் பார்க்க இதைவிட நல்லது இல்லை.

இங்கேதான் அந்தக் கடைசி எழுத்து. பழைய பதிவேடுகளில் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். 1876இல் ஜெர்மன் பேரரசு முழுக்க அரசுப் பதிவு வந்த பிறகுதான் எழுத்து உறைந்தது. ‘பல்க்’கின் இறுதியை ஜெர்மன் எழுத்துகளில் நாலைந்து விதமாக முடிக்கலாம். இதற்கு மருந்து, ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்கு ஒரே எண் தரும் கொலோன் ஒலிப்பு முறை, 1969இல் ஹான்ஸ் யோவாகிம் போஸ்டல் வெளியிட்டது. எழுத்துகளை எண்ணாக்கி, அடுத்தடுத்து வரும் ஒரே எண்ணை ஒன்றாக்கி, பிறகு உயிரெழுத்துகளின் எண்ணைத் தள்ள வேண்டும். முதல் எழுத்துக்கு 8, ‘க’வுக்கு 4, ‘ன்’ 6, ‘ப’ 1, ‘ல்’ 5, இறுதி ‘க்’ 4. ஆக 846154. முடிவை எப்படி எழுதினாலும் இதே எண்தான் வருகிறது. ‘சீகெ’க்குப் பதில் பெண் ஆட்டைக் குறிக்கும் ‘சிக்கெ’ போட்டாலும் 846154! காகிதத்தில் போட்டுப் பாருங்கள், நன்றாகப் பொழுது போகும்.

ஆனால் இந்த முறை காதால் வந்த பிழையைத்தான் பிடிக்கும், கண்ணால் வந்த பிழையைப் பிடிக்காது. பழைய ஃப்ராக்டூர் அச்செழுத்தில் இந்தப் பெயரின் முதல் எழுத்து அச்சு அசல் 3 போல இருக்கும். கணினி எழுத்துணரி அதை 3 என்றே படித்துவைக்கும். எனவே ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களில் பெயரை 3இல் தொடங்கியும் தேட வேண்டும். கையெழுத்து இன்னும் மோசம். குர்ரெண்ட் எழுத்தில் ‘எ’யும் ‘ன்’னும் இரண்டு சாய்கோடுகள், அவ்வளவுதான். ‘சீகன்’ என்ற பகுதி முழுக்க ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் போய்வரும். ‘க’வின் வால் கீழே தொங்குவதை வைத்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று பிடித்துக்கொள்ள முடியும்.

அரிய பெயர் ஏன் அரியதாகவே இருக்கிறது என்பதற்குக் கணக்கிலும் ஒரு பதில் உண்டு. 1873இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன், குடும்பப் பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன என்ற கேள்வியைப் போட்டார், மறுவருடம் ஹென்றி வாட்சனோடு சேர்ந்து கட்டுரை வந்தது. பெயர் ஆண் வழியில் மட்டும் போனால், நாலு மகள்களும் மகன் இல்லாத வீடும் போதும், ஒரு கிளை நின்றுவிடும். ஜெர்மனியில் மனைவியின் பெயரைக் குடும்பப் பெயராகத் தேர்ந்தெடுக்க 1976இல்தான் வழி வந்தது. 2025 மே முதல் கணவன், மனைவி இருவருமே இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளலாம். கால்டனின் கணக்கு இனி வேறு மாதிரி ஓடும். பாதிரியாரின் கிளை டென்மார்க்குக்குப் போனது; மகன் எர்ன்ஸ்ட் காட்லீப் கோபன்ஹேகனில் கணிதப் பேராசிரியர், யூக்ளிடின் வடிவியல் நூலை டேனிஷ் மொழிக்குக் கொண்டுபோனவர். ஜெர்மனியில் இன்று அந்தப் பெயரோடு பலருக்குத் தெரிந்தவர் ஆலிவர் சீகன்பால்க், சினிமா எழுத்தாளர், இயக்குநர்.

பக்கத்தில் இன்னொரு தோல் கிடைத்தது: ஹாசன்பால்க், முயல்தோல். பிரேசிலின் இன ஏற்றத்தாழ்வைப் பற்றி எழுதிய சமூகவியலாளர் கார்லோஸ் ஹாசன்பால்க் அர்ஜென்டினாவில் பிறந்தவர். அந்தப் பெயரின் வரைபடத்தை இன்னும் ஆழமாகப் பார்க்கவில்லை, அதற்கு முன் வேறு ஒன்று காத்திருக்கிறது.

அது ரிங்கல்தௌபே, இன்னொரு ஜெர்மன் பாதிரியாரின் பெயர். 1804இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1806இல் திருவிதாங்கூர் போய் மயிலாடியில் சபை நிறுவியவர். பெயருக்குக் கழுத்தில் வளையம் போட்ட காட்டுப் புறா என்று பொருள். சைலீசியாவில் பிறந்தவர், அந்த நிலம் இன்று பெரும்பாலும் போலந்தில்; 1945க்குப் பின் அங்கிருந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். ஆக இன்றைய தொலைபேசி வரைபடம் அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் காட்டும். இழப்புப் பட்டியலில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஒலிப்பு எண் 764521. ஃப்ராக்டூரில் ‘ர’வின் பெரிய எழுத்தை ‘க’ என்று படித்துவிடுவது வழக்கம், அப்படிப் படித்தால் எண் 464521 ஆகிவிடும். எனவே முதல் எழுத்தை, எதுவும் வரலாம் என்று, நட்சத்திரக் குறியாக விட்டுத் தேடத் தொடங்கியிருக்கிறேன்.