கோடையில் அனாடமி வகுப்பு: சேரலாமா வேண்டாமா என்று நான் முடிவெடுத்த கதை

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்திலிருந்து போன் மேல் போன். பிசியோதெரபி, நர்சிங், பார்மசி சேரப் போகிறவர்களுக்கு ஆறு வாரத்தில் உடலமைப்பைச் சொல்லும் அனாடமி பாடம் முழுவதையும் நடத்துகிறார்களாம், கல்லூரிக்குள் நுழையும்போதே பாதிப் பாடம் நம் கையில் இருக்குமாம். கட்டணம் 12,000 ரூபாய், விடுதியும் சாப்பாடும் தனி. சீட் கிடைத்தால் பிசியோதெரபிதான் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்ததால் ஆசை வந்துவிட்டது. முதல் வருடத்தில் ஆளைக் கவிழ்ப்பது அனாடமிதான் என்று யாரைக் கேட்டாலும் சொன்னார்கள், அந்தப் பயம் வேறு.

எங்கள் ஊர் கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு ஏக்கர் சொச்சம் தேயிலை. ஏப்ரல், மே என்றால் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு சீசன், எங்களுக்கோ கோடை மழை விழுந்து கொழுந்து தள்ளும் நேரம். பறிக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் வீட்டில் ஒரு கை குறைந்தால் நன்றாகவே தெரியும். தினமும் போய் வரவும் வழியில்லை. மேட்டுப்பாளையம் இறங்கவே ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து கோவை இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதிலும் மே மாதம் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று போலீஸ் ஒருவழி ஆக்கிவிட்டால் ஊட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வண்டி எல்லாம் எங்கள் ரோட்டில்தான். நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும் நாட்களில் கோத்தகிரிக்குள்ளேயே நகர முடியாது. ஆக, போவதென்றால் விடுதியில் தங்கித்தான் ஆக வேண்டும்.

அப்பா பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எப்படியும் காலேஜ்ல சொல்லித்தரத்தானே போறாங்க, அதுக்கு முன்னாடி எதுக்கு இன்னொரு தடவை?" என்று மட்டும் கேட்டார். அம்மாவுக்கு வேறு கவலை: "அந்த வெயில்ல நீ தாங்குவியா கண்ணு?" இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லாததால், இலவச மாதிரி வகுப்பு இருக்கிறதாமே, பார்த்துவிட்டே முடிவு செய்யலாம் என்று கிளம்பினேன்.

காந்திபுரத்தில் ஒரு மாடி அறை, புரொஜெக்டர், மூலையில் ஸ்டாண்டில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு. சார் நன்றாகவே நடத்தினார், அதைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு பிரேக்கியல் பிளெக்சஸ், கைக்குப் போகும் நரம்புகளின் பின்னல். கழுத்தின் C5 முதல் மார்பின் T1 வரை ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, மூன்று டிரங்காகச் சேர்ந்து, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, அக்குளுக்குள் மறுபடி மூன்று கார்டாகச் சேர்ந்து, கடைசியில் கைக்கு வேண்டிய நரம்புகளாகப் போவதை ரயில்வே பாதை மாதிரி வரைந்து காட்டினார். வகுப்பு முடியும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. பேருந்தில் வரும்போது கண்ணை மூடி வரைந்து பார்த்தால் டிரங்குக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் அந்த எலும்புக்கூட்டுக்கு அருகில் போய் அதன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். அந்த மாடலில் எட்டும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டு, மேலே கோடு மட்டும் கீறியிருந்தது. எந்த எலும்பு எதோடு சேர்கிறது, எது எதன் மேல் நகர்கிறது என்று அதில் எதுவும் தெரியாது. நிஜ எலும்பு இருக்கிறதா என்று கேட்டதற்கு, கடைசி வாரம் காட்டுவோம் என்றார்கள். அறுத்துப் படிக்க இறந்தவர் உடல் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. அதெல்லாம் 1951-ஆம் வருட அனாடமி சட்டப்படி அங்கீகாரம் உள்ள நிறுவனங்களுக்குத்தான் கிடைக்கும், மாடி அறைப் பயிற்சி மையத்துக்குக் கிடையாது.

அப்புறம் எங்கள் ஊரிலேயே பிசியோ மூன்றாம் வருடம் படிக்கும் அக்காவிடம் அவர்கள் கொடுத்த அட்டவணையைக் காட்டினேன். கைக்கு ஒரு வாரம், காலுக்கு ஒரு வாரம், மார்பு, வயிறு, தலையும் கழுத்தும், கடைசியில் மூளையும் நரம்பும். தலையும் கழுத்தும் ஒரே வாரம் என்ற இடத்தில் அக்கா சிரித்துவிட்டார். கபால நரம்பு மட்டும் 12 ஜோடி, ஒவ்வொன்றும் மண்டையில் எந்த ஓட்டை வழியாக வெளியே வருகிறது என்பதே தனிப் பாடு. "இதுல இன்னொண்ணு இருக்கு, நீ மே மாசம் முடிக்கிற வகுப்பு, உனக்கு காலேஜ் எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். பாராமெடிக்கல் கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்க எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மே மாதம் மனப்பாடம் செய்தது மழைக்காலம் முடியும் வரை தலையில் நிற்குமா? எனக்கு முடிவைத் தீர்த்துக் கொடுத்தது இந்தக் கேள்விதான். அனாடமி என்பது திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய பாடம், நடுவில் பெரிய இடைவெளி விட்டால் கொடுத்த பணத்தில் பாதி ஆவியாகிவிடும். போதாததற்கு அந்த ஆறு வாரத்துக்கு கல்லூரியில் எந்தக் கணக்கும் கிடையாது, மறுபடி முதல் பக்கத்திலிருந்துதான்.

போகவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. அக்கா தன்னிடம் இருந்த ஹாஃப் செட்டைக் கொடுத்தார். மண்டையோடு, ஒரு பக்கக் கை கால் எலும்புகள், இடுப்பெலும்பு, சில முள்ளெலும்புகள், விலா எலும்புகள். சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வரும் நிஜ எலும்புகள். அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். யாருடைய எலும்போ, வீட்டுக்குள் வராது. கடைசியில் இலை மூட்டை வைக்கும் கொட்டகையில்தான் இடம் கிடைத்தது, நானும் அங்கேயேதான் படித்தேன்.

கொழுந்து பறித்த நேரம் போக, நான் செய்தது இரண்டே வேலை. ஒன்று, எலும்பைக் கையில் எடுத்து வலதா இடதா என்று சொல்வது. காறை எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள், கிளாவிக்கிள். நெஞ்சுப் பக்க முனை உருண்டு தடித்திருக்கும், தோள் பக்க முனை தட்டையாக இருக்கும், நெஞ்சிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் வரை முன்னால் வளைந்துவிட்டு அப்புறம் பின்னால் போகும். இந்த வளைவை விரலால் தடவித் தடவிப் பார்த்த பிறகு, எத்தனை படம் பார்த்தாலும் வராத தெளிவு வந்தது. கருவில் முதலில் எலும்பாக மாற ஆரம்பிப்பதும் இதுதான், விழுந்தால் அடிக்கடி உடைவதிலும் இது முன்வரிசை.

இரண்டாவது, உயிருள்ள உடம்பில் தொட்டுக் கண்டுபிடிப்பது. கட்டை விரலை மேலே தூக்கினால் மணிக்கட்டோரம் ஒரு பள்ளம் விழும், அனாடமிக்கல் ஸ்னஃப் பாக்ஸ். ஒரு ஓரத்தில் இரண்டு தசைநாண், எதிர் ஓரத்தில் ஒன்று. உள்ளே அழுத்தினால் அந்த எட்டு மணிக்கட்டு எலும்புகளில் ஒன்றான ஸ்காஃபாய்டு, விரல் நுனியில் நாடியும் துடிக்கும். கையை ஊன்றி விழுந்தவருக்கு அந்தப் பள்ளத்தில் வலித்தால் ஸ்காஃபாய்டு முறிந்திருக்குமோ என்று பார்க்க வேண்டும். அம்மாவின் கையில் தேடியபோது, அந்த இரண்டு தசைநாண் ஓடும் பக்கத்தில் தொட்டதுமே கையை இழுத்துக்கொண்டார். பல வருடமாகக் கத்தரி போட்டு இலை வெட்டுகிற கை. அந்த இரண்டும் ஒரே குழாய் வழியாகப் போகின்றன, உரசி உரசி வீங்கினால் இந்த வலி வரும், அதற்கு டி குவெர்வெயின் என்று பெயர் என்று டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது. கட்டை விரலை அசையவிடாமல் பட்டை கட்டி, கத்தரியைக் கொஞ்ச நாள் தொடக் கூடாது என்றார்கள். மே மாதத்தில்! அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

கல்லூரி சேர்ந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். எலும்பு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பயமே இல்லை, அது கொட்டகையில் படித்ததன் பலன். நரம்பும் ரத்தக் குழாயும் எல்லோரையும் போலவே எனக்கும் புதிதுதான். படத்தில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம். உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில், அதைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடியில் கண் எரிய எரிய நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு நிற நூல்கள், இழுத்துப் பார்த்து, எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று தொடர்ந்துதான் பெயர் சொல்ல முடியும். அதை எந்தக் கோடை வகுப்பும் கொடுத்திருக்காது.

இந்த வருடம் என் சித்தப்பா மகள் இதே கேள்வியோடு வந்தாள். அவள் நிலைமை வேறு. நர்சிங் முதல் வருடத்தில் அனாடமியில் அரியர், பரீட்சை ஆகஸ்டில், நடுவில் இடைவெளி கிடையாது, கல்லூரியிலேயே உடலும் எலும்பும் பார்த்துவிட்டாள், அவளுக்குத் தேவை வாரா வாரம் டெஸ்ட் வைத்துத் திருத்தித் தருகிற ஆள். போ என்று சொன்னேன். மாதிரி வகுப்பு பார்க்காமல் பணம் கட்டாதே என்றும் சொன்னேன். விடுதிக்கு சித்தி இரண்டு நாளாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்.