தாமரை இலைத் தண்ணீர்

கல்யாணமான புதிதில் மாமியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல பொண்ணுதான். ஆனா தாமரை இலைத் தண்ணி மாதிரி, ஒட்டவே மாட்டேங்குறா." கோபம் வரவில்லை. எனக்கே அப்படித்தான் தோன்றியிருந்தது.

36 வயதில் எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானது. பிறவியிலேயே மூளை வேறு மாதிரி அமைந்திருப்பது; பலருக்குச் சத்தமும் தொடுதலும் தாங்க முடியாமல் போகும். சிறுவயது பற்றிக் கேட்க அம்மாவையும் வரச் சொன்னார்கள். "சட்டையில இருக்கிற லேபிளை வெட்டினாத்தான் போடுவா" என்றார் அம்மா. அதுவரை எல்லாம் சுலபம்.

அப்புறம்தான் சிக்கல். எனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. அறைக் கதவைச் சாத்தும்போதெல்லாம் "சத்தம் தாங்கல" என்றேன். கணவரும் ஆறு மாதம் நம்பினார். பிறகு இருவருமாக ஆலோசகரிடம் போனோம்.

நெருங்கிய உறவில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க, 36 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தந்தார். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். நெருக்கத்தைத் தவிர்க்கும் பக்கம் எனக்கு எகிறியது. ஆனால் அவர் அதை மட்டும் நம்பவில்லை. தொட்டால் கூசுகிற உடம்பும் நெருங்கினால் அஞ்சுகிற மனசும் அந்தத் தாளில் ஒரே பதிலைத்தான் எழுதும் என்றார். கதவைச் சாத்துவதற்கு முன் என்ன நடந்தது, அரை மணி நேரம் கழித்து எப்படி இருந்தது என்று இரண்டு மாதம் குறித்துவரச் சொன்னார்.

குக்கர், மிக்ஸி, டிவி மூன்றும் சேர்ந்து அலறிய ஞாயிற்றுக்கிழமைகளில், அரை மணி நேரம் இருட்டில் படுத்துவிட்டு நானே ஹாலுக்கு வந்து கணவரோடு டீ குடித்திருக்கிறேன். அது சத்தம்தான்.

இன்னொரு குறிப்பு வேறு மாதிரி. கரண்ட் போன ஒரு ராத்திரி, மொட்டை மாடி. ஒரு சத்தமும் இல்லை. "நீ ஊருக்குப் போனா இது வீடு மாதிரியே இல்லம்மா" என்றார் கணவர். நான் கேட்டேன்: "கரண்ட் பில் கட்டியாச்சா?" இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எவ்வளவு ஓய்வெடுத்தும் சரியாகவில்லை.

அதைப் படித்த ஆலோசகர், குழந்தைக்கும் அம்மாவுக்குமான பிணைப்பை ஆராய்ந்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த்தின் ஆய்வைச் சொன்னார். பிரிந்துபோன அம்மா திரும்பி வரும்போது சில குழந்தைகள் கண்டுகொள்ளாமல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்குமாம். பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது அது எகிறியிருந்ததாம். என் பொம்மை கரண்ட் பில். காது வலிக்கிறது என்று அழுத வயதில் "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்டுக் கேட்டு, சொல்லாமல் இருக்கப் பழகியவள் நான்.

இப்போது எனக்கும் கணவருக்கும் இடையே இரண்டு சொற்கள். "சத்தம்" என்றால் அவர் என்னைத் தனியே விட்டுவிடுவார். "பயம்" என்றால் அதே அறையில், எதிரே இல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து எதையாவது செய்துகொண்டிருப்பார், பேசாமல். இந்த ஒரு வருஷத்தில் இரண்டாவது சொல்லை நான்கு முறைதான் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்று, படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வாட்ஸ்அப்பில்.

போன வாரம் காய்ச்சல். முன்பெல்லாம் தனியாக ஆட்டோ பிடித்து டாக்டரைப் பார்த்துவிட்டு ராத்திரிதான் சொல்வேன். இந்த முறை ஆபீசுக்கே போன் செய்தேன், 102 ஆன பிறகு.

"ஏம்மா, 100லயே சொல்லக் கூடாதா?" என்றார்.