ஐந்தாவது முறை மொட்டுவிட்ட சிப்பிக்காளான்

லால்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், முன்பு மாடு கட்டியிருந்த ஓட்டுக் கொட்டகையில், சென்ற ஆனி மாதத்தில் என் முதலாவது காளான் படுக்கையைத் தொங்கவிட்டேன். மாசி பிறப்பதற்குள் ஐந்து முறை படுக்கை போட்டுவிட்டேன். நான்கு முறை சமையலுக்கு என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தாவது முறை கிடைத்தது. அந்த நான்கு முறையும் என்ன நடந்தது என்பதைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் ஐந்தாவது முறை நான் செய்த ஒவ்வொரு மாற்றமும் அவற்றிலிருந்து வந்தது.

செய்முறை எளிதானதுதான். வைக்கோலை 5 செ.மீ. அளவுக்கு நறுக்கி, 5 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நீரை வடித்து உலர்த்த வேண்டும். பிறகு 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு வித்து என மாற்றி மாற்றி நிரப்பி, வாயைக் கட்டி, பக்கவாட்டில் துளையிட்டு இருட்டறையில் தொங்கவிட வேண்டும். வித்து என்பது வேகவைத்த சோளத்தின்மேல் வளர்க்கப்பட்ட பூசண இழைதான். பதினைந்து, இருபது நாளில் பை முழுவதும் வெண்மையாகப் படர்ந்துவிடும். அதன்பின் பையைக் கிழித்து ஈரம் காட்டினால் நான்கைந்து நாளில் மொட்டு வரும்.

முதல் முறை நான்கு படுக்கைகள் போட்டேன். ஒன்பதாம் நாள் நான்கிலும் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. வித்து சரியில்லை என்று உடனே முடிவு கட்டி, பைகளைக் குப்பைக் குழியில் போட்டுவிட்டு, வேறோர் இடத்தில் வித்து வாங்கி ஆனிக் கடைசியில் மீண்டும் போட்டேன். பதினோராம் நாள் மறுபடியும் பச்சை.

அன்று ஒரு பையை மட்டும் தூக்கி எறியாமல், திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்து, அரிவாள்மணையில் வைத்து நெடுக்காக இரண்டாகப் பிளந்தேன். இந்த ஒன்பது மாதத்தில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை அதுதான். மேல் பாதியில் இழை பஞ்சுபோல வெள்ளையாக, நல்ல காளான் மணத்தோடு படர்ந்திருந்தது. வித்தில் ஒரு குறையும் இல்லை. நடுவிலிருந்து கீழே வரவர வைக்கோல் கறுத்து, அடிப்பகுதியில் சாணிக்குழியின் புளித்த வாடை அடித்தது. ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தபோது விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது. நான் வைக்கோலைப் போதிய அளவு உலர்த்தவில்லை. நீர் அடியில் இறங்கித் தேங்கி, காற்றில்லாத அந்த இடத்தில் வேண்டாத பூசணத்துக்கு வழி விட்டிருக்கிறது. முதல் நான்கு பைகளையும் இப்படிப் பிளந்து பார்த்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

வைக்கோல் கொடுத்த பெரியவரிடம் இதைச் சொன்னபோது இன்னொரு காரணமும் தெரிந்தது. “அது போர் ஓரத்துல மழையில நனைஞ்ச கட்டு தம்பி, மாட்டுக்கே நான் அதைப் போடல; நீங்க எரிக்கத்தான் கேட்டீங்கன்னு நினைச்சேன்” என்றார். எதற்காக வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு, அவ்வாண்டு அறுவடையில் வந்த, பொன்னிறம் மாறாத வைக்கோலை மட்டுமே அவரே எடுத்து வைக்கிறார்.

மூன்றாவது முறை, வெந்த வைக்கோலைச் சுத்தமான படுதாவில் பரப்பி, இறுகப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் ஒரு சொட்டும் விழக்கூடாது என்ற பதம் வரும்வரை காத்திருந்தேன். பதினேழு நாளில் நான்கு பைகளும் முழு வெள்ளையாயின. பையைக் கிழித்த நான்காம் நாள் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் கொத்துக் கொத்தாக எழும்பின. மறுநாளே அவை பழுத்துச் சுருங்கின. அதற்கடுத்த நாள் தொட்டால் உதிர்ந்தன. அது ஆடி மாதம். கொட்டகையின் இரண்டு பக்கமும் திறந்திருக்க, ஆடிக் காற்று ஊடுருவி வீசிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் ஈரப்பதம் குறைந்தது 80 விழுக்காடாவது இருக்க வேண்டும். ஈரமானி வாங்கி மாட்டிப் பார்த்தால் 52 காட்டியது.

அந்த ஏமாற்றத்தில் ஆவணியில் எதிர்த் திசைக்குப் போய்விட்டேன். எல்லாத் திறப்புகளையும் தார்ப்பாயால் மூடி, நாளுக்கு ஐந்து முறை தண்ணீர் தெளித்தேன். ஈரப்பதம் 90-ஐத் தொட்டது. மொட்டுகள் வாடவில்லை, ஆனால் காம்பு மட்டும் விரல் நீளத்துக்கு நீண்டு, நுனியில் சட்டைப் பொத்தான் அளவே குடை விரிந்தது. காளானும் நம்மைப் போலவே உயிர்க்காற்றை இழுத்துக் கரிவளியை வெளிவிடுகிறது; அது வெளியேற வழியில்லாவிட்டால் குடை விரியாது, காம்புதான் நீளும். அந்த நீண்ட காம்புகளைப் பார்த்தபோது எனக்கு வருத்தத்தைவிடத் தெளிவே மிகுந்தது. ஈரம் தங்க வேண்டும், காற்றும் நகர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதே கேள்வி.

ஐப்பசியில் தார்ப்பாயை எடுத்துவிட்டு, நனைத்த சாக்குத் திரைகளைத் தரையிலிருந்து முழ உயரம் விட்டுக் கட்டினேன். தரையில் ஆற்று மணல் பரப்பி நனைத்தேன். கூரை ஓரத்தில் இரண்டு ஓடுகளை நீக்கி, ஈ நுழையாதபடி வலை அடித்தேன். பைத் துளைகளையும் பஞ்சால் அடைத்தேன். மழைக்காலம் என்பதால் கொட்டகையின் வெப்பமும் 25 டிகிரியை ஒட்டியே இருந்தது. இதில் பாதிப் பங்கு பருவத்துக்கு உரியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டாம் நாள் காலையில் முதல் கொத்தைத் திருகி எடுத்தேன். உள்ளங்கையை விட அகலமான குடை. மடல்கள் சாம்பல் கலந்த வெண்மை. அடியில் விசிறி மடிப்புகள் ஒன்றுகூடச் சிதையவில்லை. நான்கு படுக்கைகளில், மூன்று அறுவடையில், ஒரு கிலோ உலர் வைக்கோலுக்குச் சராசரி 650 கிராம் காளான் கிடைத்தது. அனுபவம் உள்ளவர்களுக்கு இது குறைவுதான். அன்றிரவு மிளகு போட்டு வதக்கியதில் எங்கள் வீட்டில் யாருக்கும் மிச்சம் வைக்கத் தோன்றவில்லை.

பங்குனி வெயிலில் இந்தக் கொட்டகை 34 டிகிரிக்குப் போய்விடும். சிப்பிக்காளான் அதைத் தாங்காது. ஆகவே வெப்பத்தை விரும்பும் பால் காளானில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.பி.கே.2 இரகத்தை எடுத்திருக்கிறேன். இதற்கு, வெண்மை படர்ந்த படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஆவியில் வேகவைத்த தோட்ட மண்ணை மேலே 2 செ.மீ. பரப்ப வேண்டும். மண் போட்டு இன்று ஆறாம் நாள். மூன்று படுக்கைகளில் மண்ணின் மேல் வெள்ளை இழை எட்டிப் பார்க்கிறது. நான்காவதில் ஒரு மூலையில் பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. அந்த மூலையை மட்டும் கரண்டியால் அகழ்ந்து, செய்தித்தாளில் பரப்பி, பிழிந்து பார்த்தேன். மண் சேறாகக் குழைந்தது. தெளிக்கும் தண்ணீரை நாளை முதல் பாதியாகக் குறைக்கிறேன்.