ரவையில் செய்யும் நத்தார் கேக்

மூன்றாம் தவணை முடிந்து கல்லூரி விடுதி மூடும் நாட்களில், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிளம்ஸ் என்று சொல்லும் உலர்திராட்சையும் சுல்தானாவும் பிராண்டியில் ஊறிக்கொண்டிருக்கும். திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறன்று அங்கிலிக்கன் ஆலயங்களில் சொல்லப்பட்ட ஆங்கிலச் செபம், ‘கிளறிவிடும்’ என்றும் பொருள்படும் சொல்லோடு தொடங்கும். அதைக் கேட்டதும் இங்கிலாந்தில் நத்தார் புடிங் கிளறுவார்கள். கிழக்கிலிருந்து வந்த ஞானியரை நினைத்து, அகப்பையும் கிழக்கிலிருந்து மேற்காகவே சுற்றும்.

அவர்களுடைய பழக் கேக்கை இலங்கை தனதாக்கிக்கொண்டது. மாவின் இடத்தில் ரவை, பாதாமின் இடத்தில் கஜு, கூடவே சீனிப்பாகில் காய்ச்சிய நீற்றுப்பூசணித் தோசி. மேலே பூசும் ‘அல்மண்ட் பேஸ்ட்’டும் நம்மூரில் கஜுதான்.

250 கிராம் ரவைக்கு 250 கிராம் பட்டர், 500 கிராம் சீனி, 12 மஞ்சட்கரு, 6 வெள்ளைக்கரு, 500 கிராம் கஜு. பிளம்ஸ், சுல்தானா, செரி, பூசணித் தோசி, இஞ்சிப்பாகு, சௌசௌ எல்லாமாக 2 கிலோ. ஏலம், கறுவா, கராம்புத் தூளும் பன்னீரும் தேனும் வாசத்துக்கு. மது சேர்க்காத வீடுகளில் பழத்தைத் தோடம்பழச் சாற்றில் ஓரிரவு ஊறவைக்கலாம். ஆனால் அந்தக் கேக் நெடுநாள் இருக்காது.

ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, சூடு ஆறுமுன் பட்டரில் குழைத்து வையுங்கள். இந்த வேலையைத் தவிர்த்தால் கேக் பல்லில் நறநறக்கும். பாகுப் பழங்களை வடித்து, பயற்றளவுக்கு வெட்ட வேண்டும். பெரிய துண்டும் வடியாத பாகும் அடியில் போய்த் தங்கிவிடும். மஞ்சட்கருவையும் சீனியையும் வெளிறும்வரை அடித்து, ரவையையும் பழத்தையும் கஜுவையும் வாசனைப் பொருட்களையும் கலந்து, நுரைக்க அடித்த வெள்ளைக்கருவைக் கடைசியில் மெதுவாகச் சேர்க்க வேண்டும்.

தட்டுக்குள் பத்திரிகைத் தாள் நாலைந்து மடிப்பு, அதன்மேல் பட்டர் பூசிய ஒயில் பேப்பர். 150 பாகை செல்சியஸில் இரண்டு முதல் இரண்டரை மணித்தியாலம். விசிறி அவண் என்றால் 130 போதும். புலம்பெயர் வீடுகளில் கேக் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: சூடு கூடினால் ஓரத்துச் சீனி கருகும், நடு பச்சையாக நிற்கும். குச்சி முழுதாகக் காய்ந்து வரும்வரை காத்திருக்காதீர்கள். ஈரம் இதற்கு அழகு.

அன்றே வெட்டினால் உதிரும். ஒரு நாளாவது ஆறவிட்டு, தீப்பெட்டியளவில் வெட்டி, ஒயில் பேப்பரிலும் பிறகு வண்ணத்தாளிலும் சுற்றுவார்கள். அயலுக்குப் பகிரத்தான் அந்தச் சிறிய அளவு. கலியாணக் கேக்கும் இதுவேதான்; அந்தத் துண்டைத் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கும் குமர்ப்பிள்ளையின் கனவில் மாப்பிள்ளை வருவான் என்பார்கள்.