பல்லவனுக்கு முன்னாடி கேட்டைத் திறக்கணும்

காரைக்குடி ஜங்ஷனுக்குப் பொடிநடையாகப் போகிற தூரத்தில் வீடு. "ரயிலடியிலேயே இருக்கீங்க, ஏதாவது தொழில் பண்ணலாமே" என்று யோசனை சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. முதலில் வந்த யோசனை டிக்கெட். "உங்க ஐடியில தட்கல் போட்டுக் கொடுங்கக்கா, மேல ஏதாவது வச்சுத் தர்றோம்" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அனுமதி பெற்ற ஏஜென்டாக இல்லாமல் டிக்கெட் வாங்கிக் கொடுப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டால் மூன்று வருஷம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். இட்லிப் பொட்டலம் கட்டி பிளாட்பாரத்தில் விற்கலாம் என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. அனுமதியில்லாமல் ஸ்டேஷனுக்குள் கூவி விற்பது 144ஆம் பிரிவில் வருகிறது. இரண்டையும் அன்றே விட்டுவிட்டோம்.

மிஞ்சியது வீட்டுக்குப் பக்கவாட்டில் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த காலி மனை. அதை டூவீலர் ஸ்டாண்டு ஆக்கலாம் என்று சொன்னது என் மாமியார். காரணம் சென்னைக்குப் போகிற பல்லவன் எக்ஸ்பிரஸ். திருச்சியோடு நின்றுகொண்டிருந்த வண்டியை 2013இல் காரைக்குடி வரை நீட்டினார்கள். விடிவதற்கு முன்னால் இங்கிருந்து கிளம்பி, ராத்திரிதான் திரும்பி வரும். அந்நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது. ஆட்டோக்காரர் கேட்பதுதான் கூலி. அதனால் சொந்த வண்டியில் வருகிறவர்கள் அதிகம். சென்னைக்குப் போகிறவர்களை விட, திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் காலையில் போய் ராத்திரி திரும்புகிற வேலைக்காரர்கள்தான் எங்களுக்கு நிரந்தர வாடிக்கை. இதை அத்தை திண்ணையில் உட்கார்ந்தே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஸ்டேஷன் வளாகத்துக்குள் இருக்கும் ஸ்டாண்டை ரயில்வே குத்தகைக்கு விடுகிறது. 2022இலிருந்து இதெல்லாம் ஆன்லைன் ஏலம். அதையும் என் வீட்டுக்காரர் பார்த்தார். ஏலத்தொகையைக் கட்டிவிட்டு வண்டி வராவிட்டாலும் நாம்தான் பொறுப்பு. சம்பளத்துக்கு ஆள் வேறு போட வேண்டும். சொந்த மனையில் அந்தத் தலைவலி இல்லை.

முள்ளை வெட்டி, வேரோடு பிடுங்கி, கிராவல் அடித்து, தகரம் போட்டதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. காகித வேலைதான் இழுத்தது. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது, தொழில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போனால் ஒரு அலுவலகத்தில் "இது தொழிலா, இடவாடகையா?" என்று ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கையில் வில்லங்கச் சான்று, வரி ரசீது, மனையின் வரைபடம், எத்தனை வண்டி நிற்கும் என்று ஒரு கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிக்கொண்டு போனபிறகுதான் நகர்ந்தது. வாய்வார்த்தையாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்; எழுதிக் கொடுத்தால் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது கரண்ட். வீட்டு லைனிலிருந்து ஒரு வயர் இழுத்து ரெண்டு லைட்டும் கேமராவும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் எலக்ட்ரீசியன் சொன்னார். வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் அது விதிமீறல். அபராதம் போடுவார்கள், மொத்த மீட்டரையும் வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடவும் செய்யலாம். மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் போய்விடும். ஸ்டாண்டுக்கென்று தனி மீட்டர், வணிகக் கட்டணத்தில் வாங்கினோம். ஜிஎஸ்டி எங்களைத் தொடவில்லை. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. அந்த அளவுக்கு வண்டி நிறுத்த எங்கள் தெருவே போதாது.

பிறகு போர்டு. "வண்டிகள் உரிமையாளர் பொறுப்பில்" என்று எழுதிவிட்டால் நமக்கு ஒன்றும் வராது என்று எல்லோரும் நம்புகிறார்கள். தெரிந்த வக்கீல் அண்ணனைக் கேட்டோம், சிரித்தார். சாவியோ டோக்கனோ கொடுத்து வாங்கி ஒரு பொருளை நம் பொறுப்பில் வைத்துக்கொண்டால், 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி நம் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்கிற கவனத்தோடு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 1998இல் திருடுபோன காருக்கு, 2019இல் உச்ச நீதிமன்றம் ஓட்டல்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. அங்கேயும் சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்றுதான் அச்சடித்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்டபிறகு போர்டுக்கு வைத்திருந்த காசில் இன்னொரு கேமரா வாங்கினோம்.

டோக்கன் முறைக்கு வருகிறேன். தடித்த அட்டையை இரண்டாக வெட்டி ஒரே நம்பரை இரண்டிலும் எழுதி, ஒன்றை ஹேண்டிலில் நூலால் கட்டுவோம், ஒன்று வண்டிக்காரர் கையில். நோட்டில் வண்டி நம்பர், போன் நம்பர், என்றைக்குத் திரும்புகிறார் என்பது. இந்த மூன்றாவது விவரம்தான் முக்கியம். ராத்திரியே திரும்புகிறவர் வண்டி கேட்டை ஒட்டி நிற்கும், சைடு லாக் போடக்கூடாது; போட்டால் ரயில் இறங்கி வரும் கூட்டத்தில் ஒரு வண்டியை எடுக்க ஐந்து வண்டியைத் தூக்க வேண்டும். சென்னைக்கு ஒரு வாரம் என்றால் சுவரோரம், சைடு லாக் போட்டு, சென்டர் ஸ்டாண்டில். ஹெல்மெட்டை நாங்கள் வாங்கி வைப்பதில்லை. பெட்ரோல் அளவை வண்டிக்காரர் முன்னாலேயே முள்ளைப் பார்த்துக் குறித்துவிடுவோம். இந்த ஒரு பழக்கத்தால் பாதிச் சண்டை குறைந்தது.

24 மணி நேரத்துக்கு 15 ரூபாய், மாத பாஸ் 300. மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கும், சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடவும் வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கும்போது கணக்கு தலைகீழ். வந்தவர்களிடம் வண்டி இருக்காது, அவர்களைக் கூப்பிட வருகிற உள்ளூர்க்காரர்கள் அரை மணி நேரம் போட்டுவிட்டு "இதுக்குமா காசு?" என்பார்கள். அதில் பைசா பார்க்க முடியாது. மாத பாஸ்தான் சோறு போடுகிறது. செலவு போக மளிகையும் கரண்ட் பில்லும் கழிகிறது, அவ்வளவுதான். தூக்கத்துக்கு விலை போட்டால் நஷ்டம் என்று வீட்டுக்காரர் சொல்வார். உண்மைதான், வீட்டில் ஒருவராவது அந்நேரத்துக்கு எழுந்து கேட்டைத் திறக்க ஒத்துக்கொள்ளாவிட்டால் இதில் இறங்காதீர்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் யாரும் எடுக்காத வண்டி இருந்தால், போன் எடுக்காவிட்டால், நம்பரோடு போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுகிறோம். திருட்டு வண்டியாக இருந்தால் அந்தத் தாள்தான் நமக்குத் துணை.

இப்போது எலக்ட்ரிக் ஸ்கூட்டர்காரர்கள் சார்ஜ் போட இடம் கேட்கிறார்கள். தகர ஷெட்டுக்கடியில், பெட்ரோல் வண்டிகளுக்கு நடுவில், ஆள் பார்க்காமல் ராத்திரி முழுக்க சார்ஜில் கிடக்க எனக்கு மனசு வரவில்லை. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு மூலை இருக்கிறது. அதற்கு லோடு கூட்ட என்ன ஆகும் என்று இ.பி. ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.