புசானில் மாணவ வாழ்க்கை: கடல் இலவசம், மேடு மலிவு

ஊரிலிருந்து முதுகலை படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவருக்கு அறை தேடித் தருவதற்காகச் சென்ற வாரம் முழுவதும் தென்கொரியாவின் புசான் நகர மலைச்சரிவுகளில் ஏறி இறங்கினேன். கால்வலி இன்னும் தீரவில்லை, கோபமும் தீரவில்லை. கோபம் முதல் நாளே கிம்ஹே விமான நிலைய வாசலில் தொடங்கிவிட்டது. பெரிய பெட்டிகளோடு நின்ற எங்களைப் பார்த்ததும் டாக்சி ஓட்டுநர் ஒருவர் தாமாகவே வந்து, ஒரு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தம்பியின் பல்கலைக்கழகம் இருக்கும் தேயோன் பகுதிக்கு 70,000 வொன் என்றார். ஆயிரம் வொன்னுக்கு ஏறக்குறைய 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 4,000 ரூபாய்க்கும் மேல். மீட்டர் போட்டால் இதில் பாதிகூட ஆகாதே என்று நான் கொரிய மொழியில் சொன்னதும் கைப்பிடியை விட்டுவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் அடுத்த வெளிநாட்டவரைத் தேடிப் போய்விட்டார். இரவில் தனியாக வந்து இறங்குகிற பதினெட்டு வயதுப் பிள்ளை கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தானே போகும் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. நிலையத்துக்கு எதிரிலேயே 2011 முதல் இலகு ரயில் ஓடுகிறது. சாசாங்கில் இறங்கி மெட்ரோவின் இரண்டாம் தடத்துக்கு மாறினால், பூக்யோங் தேசியப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய நிலையம் வரை ஒரே வண்டிதான். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகவில்லை.

அறை தேடும் படலம் மறுநாள் தொடங்கியது. இங்கே வாடகையைவிட முன்பணம்தான் மாணவரை மலைக்க வைக்கிறது. பல்கலைக்கழகத்தைச் சுற்றிச் சமதரையில் இருக்கும் ஒற்றை அறைகளுக்கு நாங்கள் கேட்ட இடங்களில் எல்லாம் 50 லட்சம் வொன் முன்பணமும், மாதம் 4 லட்சத்துக்கு மேல் வாடகையும், அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் சொன்னார்கள். முன்பணம் மட்டுமே 3 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பார்த்த தம்பி, "அக்கா, அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். சொல்ல வேண்டாம், மேலே ஏறுவோம் என்றேன். ஹேயுண்டே கடற்கரையோரத்தில் கண்ணாடிக் கோபுரங்களாக எழுந்து நிற்கும் வீடுகள் பணம் படைத்தவர்களுக்கானவை. மலைமேல் ஏற ஏற வாடகை இறங்கிக்கொண்டே வரும். எங்களுக்குக் கடைசியில் கிடைத்த அறைக்கு முன்பணம் 10 லட்சம் வொன், வாடகை இரண்டே முக்கால் லட்சம். பேருந்து நிறுத்தத்திலிருந்து செங்குத்தான படிக்கட்டு ஒன்றை ஏற வேண்டும் என்பதைத் தவிர அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இந்த மேட்டு வீடுகளுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை இங்கே படிக்க வருகிற நம் மாணவர்களில் பலர் அறியாமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 1950இல் போர் மூண்டபோது வடகொரியப் படையின் கைக்குப் போகாமல் தப்பிய சில நகரங்களில் ஒன்று புசான். 1953 வரை தென்கொரியாவின் தற்காலிகத் தலைநகராக இதுவே இருந்தது. நாடு முழுவதிலிருந்தும் வந்து குவிந்த அகதிகளுக்குச் சமதரையில் இடமில்லாமல் போகவே, மரப்பலகையும் தகரமும் கொண்டு மலைச்சரிவுகளில் குடிசை போட்டார்கள். இன்று வண்ணம் பூசிய வீடுகளுக்காகச் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் கம்சொன் கிராமத்துக்கு அருகில் ஆமி-தோங் என்ற குடியிருப்பு இருக்கிறது. அது ஜப்பானியர் ஆட்சிக்காலத்துக் கல்லறைத் தோட்டத்தின் மேலேயே எழும்பிய ஊர். கல்லறைக் கற்கள் வீட்டு அடித்தளமாகவும் படிக்கல்லாகவும் பதிந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். ஒரு வீட்டின் கேஸ் சிலிண்டருக்குக் கீழே எழுத்து செதுக்கிய அப்படியொரு கல்லை நானே பார்த்தேன். சியோல் நகரின் பல்கலைக்கழகங்களும் அப்போது இங்கே இடம்பெயர்ந்து வந்து, 1951இல் போர்க்காலக் கூட்டுப் பல்கலைக்கழகமாக வகுப்புகளை நடத்தின. அந்த மாணவர்கள் பழைய புத்தகங்களை விற்றும் வாங்கியும் பழகிய போசு-தோங் புத்தகச் சந்து இன்னும் இருக்கிறது. முன்பைவிடக் கடைகள் குறைந்துவிட்டாலும், பாடப் புத்தகங்கள் கைக்கு எட்டும் விலையில் அங்கே கிடைக்கின்றன. கையில் காசில்லாத மாணவர் மேட்டில் குடியிருந்துகொண்டு கீழே இறங்கிப் படித்துவிட்டு வருவது இந்த நகரத்துக்குப் புதிதன்று.

மேட்டுக்குப் போகும் சிற்றுந்தைப் பற்றி மட்டும் என்னால் நல்லவிதமாக எழுத முடியாது. வண்டிக்குள் காலை வைத்து, பயண அட்டையைத் தட்டி, கம்பியைப் பிடிப்பதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுகிறார். இரண்டு கார்கள் ஒதுங்கவே இடமில்லாத சந்துகளில், கொண்டை ஊசி வளைவுகளில், வேகம் குறைப்பது ஏதோ மானப் பிரச்சினை என்பதைப்போல அவர்கள் ஓட்டுகிறார்கள். அன்று மாலை எங்களுக்கு முன்னால் ஏறிய பாட்டி ஒருவரின் கைவண்டி சரிந்து, அதிலிருந்த முள்ளங்கிகள் பின்இருக்கை வரை உருண்டன. நாங்கள்தான் தவழ்ந்து பொறுக்கிக் கொடுத்தோம், ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டியோ எங்கள் கையில் ஆளுக்கு ஓர் ஆரஞ்சைத் திணித்துவிட்டு இறங்கினார். புதியவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு: இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். தட்டிவிட்டு 30 நிமிடத்துக்குள் மெட்ரோவிலோ அடுத்த பேருந்திலோ ஏறினால் மறுபடி முழுக் கட்டணம் பிடிக்க மாட்டார்கள். தட்ட மறந்தால் அந்தச் சலுகை போய்விடும், மாதக் கடைசியில் அது உறைக்கும்.

சாப்பாட்டுச் செலவைப் பற்றிக் கேட்டால் என் முதல் பதில் காலை உணவுதான். அரசும் பல்கலைக்கழகமும் செலவைப் பகிர்ந்துகொண்டு, மாணவருக்கு 1,000 வொன்னில் காலை உணவு தருகிற திட்டம் 2017 முதல் இந்நாட்டில் நடக்கிறது. சோறு, சூப், கிம்ச்சி, இன்னும் ஓரிரு தொடுகறிகள் அடங்கிய முழுத் தட்டு 60 ரூபாய்க்கு வேறெங்கே கிடைக்கும்? தட்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால் தூக்கத்தைத் தியாகம் செய்து வரிசையில் நிற்க வேண்டும். பழங்களின் விலையோ அநியாயம். ஆப்பிளைக் கையில் எடுத்து, விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைக்கப் பழகிவிட்டேன். ஆனால் நம் ஊர் நெத்திலியை இங்கே எந்தக் கடையிலும் வாங்கலாம். நெத்திலியை உப்புநீரில் அவித்து உலர்த்துவதால் நம் கருவாட்டைவிட உப்பும் வாடையும் குறைவு. வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியில் குழம்பு வைத்தால் இரண்டு நாளுக்குக் கறிகாய் பற்றிய கவலை இல்லை.

அறை முடிவான அன்று தம்பிக்கு மில்மியோன் என்ற குளிர் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். புசானில் ஒரே ஒருவேளை சாப்பிட நேர்ந்தாலும் அது இதுவாக இருக்கட்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். வடக்கிலிருந்து வந்த அகதிகள் தங்கள் ஊர்க் குளிர் நூடுல்சுக்கு வேண்டிய பக்வீட் என்ற தானியத்தின் மாவு கிடைக்காமல், நிவாரணமாக வந்த கோதுமை மாவில் செய்துபார்த்து உருவான உணவு இது. பனித்துகள் மிதக்கும் குழம்பில் நூடுல்ஸ் ஒரு பந்தாகச் சுருண்டிருக்க, அதன்மேல் சிவந்த மிளகாய்ச் சாந்தும், வெள்ளரிக்காய்க் கீற்றும், அவித்த முட்டையில் பாதியும் இருக்கும். பரிமாறும் அம்மா கத்தரிக்கோலால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு வெட்டிவிட்டுப் போவார். கொஞ்சம் காடியும் கடுகுச் சாந்தும் சேர்த்துக் கலக்கி, கிண்ணத்தை வாயருகே தூக்கிக் குடித்தால், ஏறிய படிகள் அத்தனையும் மறந்துவிடும். கூடவே ஒரு கெண்டியில் சுடச்சுட எலும்புச்சாறும் வரும், அதற்குத் தனிக் காசில்லை. விலை 8,000 வொன் சொச்சம். சியோலில் குளிர் நூடுல்சுக்குக் கொடுத்த காசு இன்னும் என் மனத்தை அறுக்கிறது. சைவ உணவுக்காரர்கள் மன்னிக்க வேண்டும், குழம்பு இறைச்சியில் வைப்பது. சைவர்களுக்கு இந்நகரம் கடினமானது. சமைக்கத் தெரியாமல் வராதீர்கள்.

காசே கேட்காத இன்பங்களும் ஏராளம். கல்லூரியிலிருந்து நடக்கிற தூரத்தில் க்வாங்கல்லி கடற்கரை. சனிக்கிழமை இரவுகளில் 2003இல் திறந்த க்வாங்கன் பாலத்தின் பின்னணியில் நூற்றுக்கணக்கான ட்ரோன்கள் வானில் உருவம் வரையும். கூட்டத்துக்கு அஞ்சுபவர்கள் இகிடே பாறைக்கரைப் பாதையில் ஒர்யுக்தோ வரை நடக்கலாம். ஒரு பக்கம் பைன் மரங்கள், காலடியில் அலை, திரும்பிப் பார்த்தால் பாலமும் ஹேயுண்டேயும் ஒரே சட்டத்துக்குள். தேர்வு வாரங்களில் என்னைக் காப்பாற்றியது இந்தப் பாதைதான்.

குளிர்காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் அறையை முடிவு செய்யக் கூடாது. புசானில் பனி விழுவது அபூர்வம் என்றாலும், கடற்காற்று ஜன்னல் இடுக்கு வழியாக எலும்பு வரை வரும். தரைக்கடியில் வெந்நீர் ஓடிச் சூடேற்றும் முறையில் கேஸ் கட்டணம் ஜனவரியில் எகிறும். ஆகவே முந்தைய குடித்தனக்காரரின் குளிர்காலக் கேஸ் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2021 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவருக்கும் கட்டாயமாகிவிட்ட தேசிய மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 70,000 வொன்னுக்கு மேல் ஒதுக்கி வையுங்கள். குடிபோகும் அன்றே சுவர், தரை, ஜன்னல், குளியலறை அனைத்தையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். நான் குடியேறுவதற்கு முன்பே இருந்த ஒரு சுவர்த்தாள் கறைக்காக, என் முதல் வீட்டுக்காரர் முன்பணத்திலிருந்து 2 லட்சம் வொன் பிடித்துக்கொண்டார். தம்பியின் அறையில் நாங்கள் எடுத்த படங்கள் அன்று மாலையே அவருடைய வீட்டுக்கார அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பார்த்துவிட்டேன் என்று அவரும் பதில் அனுப்பிவிட்டார்.